மூன்று வளைவு நிழல்

கல்லேரிப்பேட்டையில் செருப்பு தைத்துக்கொண்டிருந்த எல்லப்பன் அக்னி நட்சத்திரத்தின் மூன்றாம் நாள் உட்கார்ந்த இடத்திலேயே செத்துப்போனார். அவரை ஏரிக்கு அந்தப் பக்கம் அடக்கம் செய்துவிட்டு வந்து, குளித்து, சாப்பிட்டு, படுத்து எழுந்த ஊர் மறுநாள் காலை வாய்க்கால் முனைக்கு வந்து பார்த்தபோது, நாற்பத்தெட்டு வருடமாக அவர் சாக்கு விரித்திருந்த இடத்தில் ஒரு நிழல் கிடந்தது. பக்கத்தில் மரமில்லை, கூரையில்லை, மேலே ஒரு கம்பிகூட ஓடவில்லை. சூரியன் கிழக்கே இருந்தபோதும் உச்சிக்கு ஏறியபோதும் மேற்கே சரிந்தபோதும் அந்த நிழல் கிடந்த இடத்தை விட்டு அசையவில்லை. இது எப்படி என்று யாராவது கேட்டார்களா என்றால், இல்லை. வேலூர்ப் பக்கத்து வெயிலில் வெந்து வளர்ந்த ஜனங்கள் நிழலைக் கண்டால் அது எங்கிருந்து வந்தது என்று விசாரிப்பதில்லை, உட்கார இடம் இருக்கிறதா என்றுதான் விசாரிப்பார்கள். பூக்கார நவநீதம் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து முதல் ஆளாக அதில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவளுடைய மல்லிகை சாயங்காலம் வரை வாடவில்லை.

நிழலுக்கு ஒரு வடிவம் இருந்தது. பெரிய அரைவட்டம் ஒன்று. அதன் அடிப்பக்கத்தில் அக்கம்பக்கமாக இரண்டு சின்ன அரைவட்டங்களை வெட்டி எடுத்துவிட்டால் என்ன மிச்சமோ அது. சின்ன வளைவுகள் இரண்டும் சந்திக்கும் இடத்தில் நிழல் கூர்ந்து ஒரு முனையாக முடிந்தது. அந்த முனை சரியாக எல்லப்பன் உட்கார்ந்த இடத்தில் இருந்தது.

கூட்டத்தின் இரைச்சல் கேட்டு ஏரிக்கரையிலிருந்து இறங்கி வந்த கணக்கு டீச்சர் குணசுந்தரிக்குப் பார்த்த மாத்திரத்தில் அது என்னவென்று தெரிந்துவிட்டது. அது தோல் அறுக்கிற கத்தி. தொடாதேடி, விரல் போயிடும் என்று சொல்லிச் சொல்லியே அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, ஒரே இழுப்பில் அடித்தோலை வட்டமாக அறுத்த அவளுடைய நைனாவின் கத்தி. முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, மணியாகிவிட்டது என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொல்லிவிட்டு, மறுபடி கரையேறி, கோடை விடுமுறையிலும் நடந்த சிறப்பு வகுப்புக்காகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். ஏனென்றால் எல்லப்பன் அவளுடைய அப்பா என்பது கல்லேரிப்பேட்டையில் ஒருவருக்கும் தெரியாது என்று அவள் நம்பியிருந்தாள். கேட்டவர்களுக்கெல்லாம் அப்பா கோலாரில் இருப்பதாகச் சொல்லியிருந்தாள். பெண் பார்க்க வந்தால் பெண்ணின் அப்பா கூடத்தில் உட்கார வேண்டும் என்பதால் கல்யாணமே வேண்டாம் என்று ஐம்பத்தொரு வயதுவரை இருந்துவிட்டாள். முந்தின நாள் பாடையைத் தூக்கும்முன் வாய்க்கரிசி போடச் சொந்தம் யாராவது உண்டா என்று கேட்டபோது, பள்ளிக்கூடம் சார்பாக என்று சொல்லி ஒரு மாலையைப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றிருந்தவள் கைக்கடிகாரத்தைக் குனிந்து பார்த்தாள். வாய்க்கரிசி போட்டது நவநீதம்தான்.

இது எங்கே ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும். அம்மா இல்லாத பிள்ளை. ரயில் பாதையை ஒட்டி மேற்குக் கோடியில் அவர்கள் வீடு, கிழக்குக் கோடியில் கான்வென்ட். நேராகப் போக வழி கிடையாது. நடுவில் முதலில் ஒரு குளம், அப்புறம் தோல் மண்டியின் பெரிய மதில். குளத்தைச் சுற்றி வளைந்து ஒரு சந்து, மதிலைச் சுற்றி வளைந்து இன்னொரு சந்து, இரண்டும் சேருகிற இடம் வாய்க்கால் முனை. இல்லையென்றால் ஊரையே அணைத்துக்கொண்டு வளைந்துபோகிற ஏரிக்கரை மேல் போகலாம். உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் போவார்கள். ஆறாம் வகுப்பு சேர்ந்த முதல் வாரமே குணசுந்தரி, நான் கரை மேல போறேன் நைனா, நீ சந்து வழியா வா என்று ஏற்பாடு செய்துவிட்டாள். அவரும் சரி என்று, இடது கால் கொஞ்சம் கட்டையான மனிதர், தலையில் மரப்பெட்டியோடு இரண்டு சந்துகளையும் சுற்றிக்கொண்டு வருவார். அவள் வாசலுக்கு வந்து சேரும்போது அவரும் எதிர்ப்பக்கம் வந்து சேர்ந்திருப்பார். தூர நின்று அவள் உள்ளே போவதைப் பார்த்துவிட்டு, வாய்க்கால் முனைக்குத் திரும்பிப் போய்ச் சாக்கை விரிப்பார். சந்து வழி பாதி தூரம்தானே, எங்கேயோ உட்கார்ந்து பீடி பிடித்துவிட்டு வருகிறார் என்று அவள் நினைத்துக்கொள்வாள். பெரிய சுற்றை நான் எடுத்துக்கொண்டேன், சின்ன வழியை அவருக்குக் கொடுத்தேன் என்பதில் அவளுக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது.

ஏழாம் வகுப்பில் ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் அவள் செருப்பு வார் அறுந்துபோயிற்று. எதிர்ப்பக்கம் நின்ற எல்லப்பன் ஓடி வந்து, மண்ணில் உட்கார்ந்து, அவள் காலைத் தன் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு நாலு தையல் போட்டார். சுற்றி நின்ற பிள்ளைகளில் ஒருத்தி, யாருடி இது என்று கேட்டாள். செருப்பு தைக்கிறவரு என்றாள் குணசுந்தரி. எல்லப்பன் தலை நிமிரவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தார், செருப்பை அவள் காலில் மாட்டினார், தூசி தட்டினார்.

"போட்டுக்கோங்கம்மா. போய்ட்டு வாங்க."

அன்று சாயங்காலம் வீட்டில் தட்டில் களியை வைத்துவிட்டு, சாப்பிடுங்க என்றார். பழக்கத்தில் வாய் தவறி வந்ததா, தெரிந்தே சொன்னாரா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. என்ன நைனா வாங்க போங்கன்ற என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், சிரித்திருப்பார், அதோடு போயிருக்கும். அவள் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் சாகும்வரை அவளை நீ என்று சொல்லவே இல்லை.

அவள் படித்தாள். மேல்படிப்புக்கு வேலூர் போனாள். அங்கே நூலகத்தில் ஒரு பழைய வடிவகணிதப் புத்தகத்தைப் புரட்டும்போது அந்த வடிவம் வந்தது, பெரிய அரைவட்டத்துக்குள் இரண்டு சின்ன அரைவட்டம். பெயர் அர்பெலோஸ். அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது: கிரேக்கச் சொல், செருப்பு தைப்பவனின் கத்தி என்று பொருள். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் எங்கேயோ ஒரு கடற்கரை ஊரில் யாரோ ஒரு கணக்குக்காரன் தெருவோரம் செருப்பு தைக்கக் கொடுத்துவிட்டு நின்றபோது, அந்த மனிதனின் கையிலிருந்த கத்தியைப் பார்த்து, அதற்குள் இவ்வளவு இருக்கிறதா என்று வியந்து அதன் பேரையே வைத்திருக்கிறான். குணசுந்தரி புத்தகத்தை மூடிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தாள். அந்தப் பக்கத்தில் இருந்த தேற்றங்கள் இரண்டும் மட்டும் ஒரே பார்வையில் மனப்பாடமாகிவிட்டன. அவற்றை அவள் எந்த வகுப்பிலும் நடத்தியதில்லை.

படித்த பள்ளிக்கூடத்திலேயே வேலை கிடைத்து, ஆசிரியர் காலனியில் வீடு பார்த்துக்கொண்டு போன பிறகும் ஏரிக்கரை வழியாகத்தான் நடந்து போவாள். காலனி அவள் பழைய வீட்டுக்கும் மேற்கே இருந்தது, ஆகவே பாதை அதேதான். ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில், தெருவே வெயிலுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து, குழம்பும் சோறும் எடுத்துக்கொண்டு ரயில் பாதை வீட்டுக்குப் போவாள். வாங்க டீச்சர் என்று எல்லப்பன் சிரித்துக்கொண்டே எழுந்து நிற்பார். பெற்ற அப்பன் எழுந்து நிற்கிற வீட்டில் எத்தனை நேரம் உட்கார முடியும்? கால்மணி நேரத்தில் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

நிழலோ வளர்ந்தது. முனை அங்கேயே இருக்க, மற்றதெல்லாம் நாளுக்கு ஐந்தடி வீதம், வடிவம் மாறாமல், நாலா பக்கமும் இல்லாமல் ஏரியைப் பார்த்தும் அதன் இரு ஓரமாகவும் விரிந்துகொண்டே போயிற்று. ஒரு மாதத்தில் ஆட்டோக்காரர்கள் உள்ளே வந்தார்கள். இரண்டாம் மாதம் பேருந்து நிறுத்தத்தை நிழலுக்குள் நகர்த்திவிட்டார்கள். வேர்க்குரு மறைந்தது, குழந்தைகள் மதியத்தில் தூங்கின, நாய்கள் ஒன்றையொன்று கடிப்பதை நிறுத்தின. அதே சமயம் அப்பளம் காயப்போட்டவர்களும் தோல் காயப்போட்டவர்களும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். துணி உலரவில்லை. இதற்கு ஊர் தானாகவே ஒரு வழி செய்துகொண்டது: நிழல் வீட்டுத் துணியை வெயில் வீட்டு மொட்டைமாடியில் காயப்போடுவது, பதிலுக்கு வெயில் வீட்டுக் கைக்குழந்தைகளை உச்சிவேளையில் நிழல் வீட்டுத் தூளியில் கிடத்துவது. ஜன்மத்துக்கும் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்காதவர்கள் பிள்ளையை ஒரு கையிலும் ஈரத்துணியை மறுகையிலும் பிடித்துக்கொண்டு எதிரெதிரே போய்வந்தார்கள். வெயில் வீட்டுப் பெண்ணை நிழல் வீட்டில் எடுக்க மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்த கதையும் நடந்தது, அது இப்போது வேண்டாம்.

நிறுத்தம் வந்ததும் பெயர் தேவைப்பட்டது. கண்டக்டர்கள் எதைச் சொல்லிக் கூவுவது? பிரியாணிக் கடை சம்சுதீன் அதைப் பிறை என்றார், பூசாரி அது அம்மன் நெற்றி என்றார், சந்தையில் சிலர் சும்மா வளைவு என்றார்கள். கடைசியில் கவுன்சிலர் தட்சணாமூர்த்தி நாலு பேரோடு பள்ளிக்கூடத்துக்கே வந்து, கணக்குப்படி இதற்கு ஏதாவது பேர் இருந்தால் டீச்சரே சொல்லட்டும் என்று மரியாதையாகக் கேட்டார். கேட்டுவிட்டு எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தேவைக்கு அதிகமான நேரம் நின்றார்கள். குணசுந்தரி சாக்பீஸ் கையைத் துடைத்துக்கொண்டு, அர்பெலோஸ் என்றாள்.

"அர்த்தம் இன்னாங்க டீச்சர்?" என்று கேட்டார் கவுன்சிலர்.

"கிரேக்கச் சொல்லுங்க," என்றாள் அவள். "அர்த்தம் எனக்குத் தெரியல."

தட்சணாமூர்த்தி மேலே எதையோ கேட்க வாயெடுத்து, வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டு போனார். பலகை வைத்தார்கள். அர்பெலோஸ் டீக்கடை வந்தது, அர்பெலோஸ் முடிதிருத்தகம் வந்தது. கண்டக்டர்கள் வாயில் அது அர்பேலா, அர்பேலா இறங்கு என்று ஆயிற்று. ஒவ்வொரு தடவை அந்தக் கூவலைக் கேட்கும்போதும் குணசுந்தரி நடையை எட்டிப்போட்டாள். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய யாரோ ஒருவன் கூச்சப்படாமல் வைத்த பெயரை, பெற்ற மகள் பிறமொழியில் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டாள். அதைத் தெரிந்தேதான் செய்தாள், அதுதான் அவளைத் தின்றது.

ஒரு வருடம் முடியக் கொஞ்சம் முன்னால், பங்குனி மாதத்தில் நிழல் வளர்வது நின்றது. எவ்வளவு இடம் மூடியிருக்கிறது என்று அளந்து தரும்படி நகராட்சி ஒரு நில அளவையரை அனுப்பியது. வெளியூர்க்காரர், சிவக்கொழுந்து என்று பெயர், சங்கிலியும் குறிப்பேடுமாக நாலு நாள் அலைந்துவிட்டு, ஐந்தாம் நாள் மத்தியானம் சந்தேகத்தோடு ஆசிரியர் அறைக்கு வந்தார். நிழலின் வெளி ஓரம் அப்படியே ஏரிக்கரை மேல் கிடக்கிறது என்றார். உள் ஓரம் ஒன்று குளத்துச் சந்தின் மேல், மற்றது மண்டி மதில் சந்தின் மேல், ஒரு முழம்கூடப் பிசகவில்லை என்றார். மேற்கு நுனி ரயில் பாதையோரம் பூட்டிக்கிடக்கிற ஒரு வீட்டு வாசலில் முடிகிறது, கிழக்கு நுனி உங்கள் பள்ளிக்கூட வாசலில் முடிகிறது. அதெல்லாம் சரி, கணக்குதான் உதைக்கிறது என்று குறிப்பேட்டைத் திருப்பிக் காட்டினார்.

"மூணு தடவை அளந்துட்டேன் டீச்சர். கரை ஆயிரத்து ஐந்நூத்தி எழுபது மீட்டர். சந்து ஒண்ணொண்ணும் எழுநூத்தி எண்பத்தஞ்சு. ரெண்டையும் கூட்டினா கரையளவுக்கே வருது. எங்க தப்பு பண்ணேன்னு பாருங்க."

தப்பு இல்லை என்று அவளுக்குத் தெரியும். பெரிய வளைவின் நீளமும் சின்ன வளைவுகள் இரண்டின் கூட்டு நீளமும் எப்போதும் சமம். வேலூர் நூலகத்தில் மனப்பாடமான முதல் தேற்றம் அது. முப்பது வருடம் அதை மனதில் வைத்திருந்தவள், அது தன் அப்பாவின் கால் நடந்த தூரம் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. பாதி தூரம் இல்லை. பீடி பிடிக்க உட்காரவில்லை. கட்டைக் காலோடு, தலையில் பெட்டியோடு, கூட நடக்காதே என்று சொன்ன பிள்ளை நடந்த அதே தூரத்தை, அவள் நடந்த அதே வேகத்தில், தினமும் நடந்திருக்கிறார். உங்க கணக்கு சரிதான் என்று சிவக்கொழுந்திடம் சொல்லிவிட்டு அவள் கைப்பையைக்கூட எடுக்காமல் வெளியே வந்தாள்.

பிறந்ததிலிருந்து நடக்காத அந்த மதில் சந்தில் முதல் தடவையாக நடந்தாள். தோல் வாடை வீசியது. செங்கல் மதில் முடிவில்லாமல் வளைந்துகொண்டே போயிற்று. வெளியே வெயில் கொளுத்தியபோதும் சந்தின் ஓரமெல்லாம் குளிர்ந்திருந்தது. எழுநூற்று எண்பத்தைந்து மீட்டரும் நடந்து வாய்க்கால் முனைக்கு வந்தபோது நவநீதம் பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். டீச்சரின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூடையை நகர்த்தி இடம் விட்டாள். நிழல் கூர்ந்து முடிகிற அந்த முனையில் குணசுந்தரி நின்றுகொண்டு, எந்த யோசனையும் இல்லாமல் தலையை நிமிர்த்தினாள்.

ஏரியின் மதகிலிருந்து அந்த முனைவரைக்கும் வாய்க்கால் நேராக வருகிறது. வாய்க்கால் மேல் யாரும் வீடு கட்ட முடியாது. சுற்றிலும் மாடியும் கூரையுமாக அடைத்துக்கொண்டு நிற்கிற ஊரில் அந்த ஒரு கோடு மட்டும் திறந்து கிடந்தது. அதன் கோடியில், கரையின் நட்டநடுவில், மதகின் மேல் போகிற ஒரு பெண் விரற்கடை உயரத்தில் பளிச்சென்று தெரிந்தாள்.

"காலைல இங்க வந்து பெட்டிய இறக்கி வச்சிட்டு நிப்பாரு," என்றாள் நவநீதம் நாரைப் பார்த்துக்கொண்டே. "நீங்க மதகாண்ட வந்து தாண்டுறவரைக்கும் மேல பாத்துக்கினே நிப்பாரு. அப்பால பெட்டிய எடுத்துக்கினு மண்டிச் சந்துல நடப்பாரு. நீங்க டீச்சரான பின்னாடி உக்காந்துக்கினே பாப்பாரு. செத்த அன்னிக்குங்கூட பாத்தாரு. நீங்க தாண்டி கொஞ்ச நேரத்துலதான் சாஞ்சாரு."

சந்துகள் இரண்டும் ஒரே அளவு. ஆகவே அவர் முனைக்கு வந்து நிற்கும் நேரம்தான் அவள் மதகுக்கு வரும் நேரம். வேலூரில் படித்த காலம் போக முப்பத்தைந்து வருடம். அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அவள் முகத்தை ஏரித் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள், கீழே பார்த்துவிடக் கூடாதே என்று.

"அவரு எங்க நைனா," என்றாள் குணசுந்தரி. "நவநீதம், அவரு எங்க நைனா."

நவநீதம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியும் டீச்சர். ஊருக்கே தெரியும். டீச்சர்கிட்ட காட்டிக்காதீங்க, நமக்குத் தெரியும்னு தெரிஞ்சா அது சங்கடப்படும்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லி வச்சிருந்தாரு. நிழலப் பாத்ததும் அவரு கத்தினு எங்களுக்குத் தெரியாதா? நீங்க சொல்வீங்கனுதான் கவுன்சிலரு பள்ளிக்கூடத்துக்கே வந்தாரு."

அவருக்குத் தனி டம்ளரில் டீ கொடுத்த ஊர்தான். அறுந்த செருப்பைக் கையில் கொடுக்காமல் முன்னால் தூக்கிப்போட்ட ஊர்தான். அந்த ஊர் எல்லப்பன் கேட்டுக்கொண்ட ஒரே ஒரு வாக்கை மட்டும் இத்தனை வருடம் சுத்தமாகக் காப்பாற்றியிருந்தது. அப்படியானால் அவள் யாரிடமிருந்து மறைத்தாள்? மறைத்ததெல்லாம் அவரிடமிருந்து தன்னைத்தான். அவள் அந்த முனையில் தரையில் உட்கார்ந்து, ஊர் பார்க்க, அடக்கத்தன்று அழாத அழுகையை அழுதாள். ஆட்டோக்காரர்கள் எழுந்து நின்றார்கள். தட்சணாமூர்த்தி வந்து, வேறெதுவும் செய்யத் தெரியாமல், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

பலகையில் அர்பெலோஸ் என்பதன் கீழே, செருப்பு தைத்த எல்லப்பனின் கத்தி என்று அவளே எழுதினாள். ஊர் அதைப் படித்துவிட்டுத் தலையாட்டியது, மறுநாளும் அர்பேலா என்றே கூவியது. நாக்குப் பழகிவிட்டது என்றார்கள். எதற்கு நாக்கு சட்டென்று பழகுகிறது, எதற்குப் பழகுவதில்லை என்பதெல்லாம் நமக்குத் தெரிந்ததுதானே.

அந்தப் புத்தகத்தில் இரண்டாவது தேற்றம் ஒன்றும் இருந்தது. சின்ன வளைவுகள் சேரும் முனையிலிருந்து நிமிர்ந்து பெரிய வளைவைத் தொடுகிற ஒரு நேர்கோடு போட்டு, அந்தக் கோட்டை விட்டமாக வைத்து ஒரு முழு வட்டம் வரைந்தால், கத்தியின் பரப்பும் வட்டத்தின் பரப்பும் ஒன்று. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இத்தனை வீடும் தூளியும் பேருந்தும் கடையும் அடங்கிக் கிடக்கிற அந்த நிழல் முழுவதும், ஒரு மனிதர் நிமிர்ந்து பார்த்த ஒரே ஒரு கோட்டிலிருந்து வந்த அளவுதான்.

சித்திரை பிறந்தது. குணசுந்தரி வழக்கம்போல் காலையில் ஏரிக்கரை மேல் நடந்து வந்தாள். மதகின் மேல் நின்றாள். தண்ணீருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வாய்க்கால் வழியே கீழே பார்த்தாள். எதிரே வெகு தூரத்தில் நிழலின் முனை தெரிந்தது, காலியாக. இரண்டு கையையும் வாயருகே வைத்துக்கொண்டு, பின்னால் வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் நின்று பார்க்க, முடிந்தவரை உரக்கச் சொன்னாள்.

"போய்ட்டு வரேன் நைனா."

கீழே முனைக்குப் பக்கத்தில் நவநீதம் கூடையை விட்டு எழுந்தாள். டீச்சர் பதிலுக்காகக் காத்து நிற்பது அவளுக்குப் புரிந்தது. சும்மா விடக் கூடாது என்று கையை உயர்த்தி ஆட்டிக்கொண்டே அவளும் உரக்கக் குரல் கொடுத்தாள். வாய்க்கால் தண்ணீரை எதிர்த்து ஏறி வந்த அந்தக் குரல், போய்ட்டு வாங்க டீச்சர் என்றது. பாவம், அவள் வேறு எப்படிச் சொல்வாள்?